கரும்பு டிரெய்லரின் பின்விளக்கு: டிராக்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டிராக்டர் உரிமையாளர்களே, ஓட்டுநர்களே,

நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம், சேத்தியாத்தோப்பு, மூங்கில்துறைப்பட்டு என்று எந்த ஆலைக்குக் கரும்பு ஏற்றினாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். அரவை தொடங்குவதற்கு முன் எஞ்சின் ஆயில் மாற்றுகிறீர்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறீர்கள், டிரெய்லரில் விரிசல் கண்ட இடத்துக்கெல்லாம் வெல்டிங் வைக்கிறீர்கள். பின்விளக்கு மட்டும் கடைசி வேலையாகத் தள்ளிப்போய், முதல் லோடு கிளம்பும் நாளில் மறந்தே போகிறது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். டிரெய்லர் விளக்கு கெடுவதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலானவற்றை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். லோடோடு நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறீர்கள். பின்னால் ஒரு கார் 80-ல் வருகிறது. நடுவிலுள்ள வித்தியாசம் 60. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் அந்தக் கார் உங்களை நெருங்குகிறது. டிம் லைட்டில் வருபவருக்கு, விளக்கில்லாத டிரெய்லர் 50 மீட்டரில் கண்ணில் பட்டால் பெரிது. காய்ந்த சோகையும் மண் படிந்த பலகையும் இருட்டோடு இருட்டாகக் கிடக்கும். 50 மீட்டர் என்றால் மூன்று நொடி. பார்த்து, அது இன்னதென்று புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அதில் பாதி போய்விடும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்னாலுள்ள சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்கின்றன. அதே வேகத்தில் 155 மீட்டரைக் கடக்க ஒன்பது நொடி ஆகும். மூன்று நொடிக்கும் ஒன்பது நொடிக்கும் நடுவில்தான் ஓர் ஆளின் உயிர் இருக்கிறது. காரில் வருபவருக்காவது சுற்றிலும் தகடு உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் பையனுக்கு ஒன்றும் கிடையாது.

விளக்கு எரியவில்லை என்றதும் எல்லோரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். பல்பு போவது உண்டுதான். ஆனால் மாற்றிய பல்பும் இரண்டு நாளில் எரியாமல் போனால் குற்றம் பல்பில் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட வண்டிகளில் எர்த்தில்தான் கோளாறு இருக்கும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எர்த் புரிந்துவிட்டால் டிரெய்லர் வயரிங்கில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

டெயில் லைட்டிலிருந்து பல்பைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும். ஒன்று 5 வாட், இரவில் எரிய. இன்னொன்று 21 வாட், பிரேக் மிதித்தால் எரிய. அடியில் இரண்டு ஈயப் பொட்டு, இழைக்கு ஒன்றாக. இரண்டு இழையின் மறுமுனையும் சுற்றியுள்ள உலோக உடம்பில் போய்ச் சேர்கின்றன. அந்த உடம்பு ஹோல்டரைத் தொட, ஹோல்டர் டிரெய்லர் சட்டத்தைத் தொட, சட்டத்திலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பிப் போக வேண்டும். இந்தத் திரும்பும் வழிதான் எர்த். உங்களில் பலர் வண்டியில் சட்டத்திலிருந்து டிராக்டருக்கு எர்த் வயரே கிடையாது. கொக்கியும் பின்னும் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பித்தான் விளக்கு எரிகிறது. கொக்கியில் துரு, துருவின் மேல் கிரீஸ், கிரீஸின் மேல் மண். பள்ளத்தில் இறங்கினால் தொடும், ஏறினால் விடும். "வண்டி நின்னா எரியுது, ஓடினா எரியல" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களின் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எர்த் விட்டுப்போனால் விளக்கு சும்மா அணைந்துவிடாது. விநோதமாக நடந்துகொள்ளும். இடப்பக்க விளக்கின் எர்த் மட்டும் போயிருக்கிறது என்று வையுங்கள். லைட் ஸ்விட்சைப் போட்டால் அந்த விளக்கு எரியத்தான் செய்யும், கொஞ்சம் மங்கலாக. 5 வாட் இழையைத் தாண்டிய கரண்ட் எர்த்துக்கு வழியில்லாமல் பக்கத்திலிருக்கும் 21 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் வயரைப் பிடித்து, வலப்பக்க விளக்குக்குப் போய் அங்கே எர்த்தாகிறது. இப்போது பிரேக்கை மிதியுங்கள். இரண்டு வயரிலும் 12 வோல்ட் வந்து நிற்க, கரண்ட் போக வழியே இல்லாமல் இடப்பக்க விளக்கு அடியோடு அணைந்துபோகும். பின்னால் வருபவர் எச்சரிக்கை ஆக வேண்டிய நேரத்தில் இருந்த வெளிச்சமும் போய்விடுகிறது. பிரேக் மிதித்தால் டெயில் லைட் அணைவது, லைட் ஸ்விட்ச் போடாமலே பிரேக் மிதித்தால் மீட்டர் விளக்கு லேசாக எரிவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து விட்டுவிட்டு எரிவது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் பல்பு வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். எர்த்தைத் தேடுங்கள்.

தேடுவது சுலபம். நீளமான ஒரு வயரின் ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டு, மறுமுனையைப் பின்விளக்கு ஹோல்டரின் உடம்பில் சுரண்டிப் பிடியுங்கள். விளக்கு பளிச்சென்று ஒழுங்காக எரிந்தால் எர்த்தில்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். அதற்கான நிரந்தர வைத்தியம், தனி எர்த் வயர். சாக்கெட்டிலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று, அங்கிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக ஒன்று. சட்டத்தில் சேரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, வயர் முனையில் வளைய லக் அழுத்தி, பல்வாஷர் போட்டு போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள். பெயிண்ட் மேலேயே லக்கை வைத்து இறுக்கினால் அன்று எரியும், முதல் மழையில் நின்றுவிடும்.

எர்த் சரி என்று தெரிந்த பிறகும் விளக்கு எரியவில்லையா? அப்போது கோளாறு டிராக்டரிலா டிரெய்லரிலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு பக்கமும் டேப்பைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் விடிந்துவிடும். டிரெய்லர் பிளக்கைக் கழற்றுங்கள். 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, இரண்டு வயரும் முதலைக் கிளிப்பும் வைத்தால் அதுவே டெஸ்ட் லேம்ப். அதன் ஒரு முனையை டிராக்டர் சாக்கெட்டின் எர்த் முனையில் வைத்து, மறுமுனையால் மற்ற முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். லைட், பிரேக், இரண்டு இண்டிகேட்டர் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் லேம்ப் பிரகாசமாக எரிந்தால் டிராக்டர் தப்பித்தது. பிறகு வேறொரு 12 வோல்ட் பேட்டரியை டிரெய்லர் பக்கம் கொண்டுவந்து, நெகட்டிவை பிளக்கின் எர்த்திலும் பாசிட்டிவை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக மற்ற முனைகளிலும் கொடுத்துப் பாருங்கள். எந்த விளக்கு எரியவில்லையோ அந்த ஒரு வயரை மட்டும் பின்தொடர்ந்தால் போதும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏழு புரி வயரில் ஆறு புரி அறுந்து ஒன்றே ஒன்று தொட்டுக்கொண்டிருந்தாலும், விளக்கு எரியாதவரை மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். அடைப்புள்ள குழாயிலும் திறக்காதவரை முழு அழுத்தம் இருக்கும், திறந்தால்தான் சொட்டும். அதனால் மீட்டரை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வைத்துப் பாருங்கள். ஒரு முனை பல்பின் உடம்பில், ஒரு முனை சாக்கெட்டின் எர்த்தில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ ஓர் இணைப்பு செத்துக்கொண்டிருக்கிறது. பாசிட்டிவ் வயருக்கும் இதே சோதனைதான். ஒரு வோல்ட்தானே என்று விடாதீர்கள். இழை பல்புக்கு 12-க்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால் வெளிச்சத்தில் கால்வாசி போய்விடும்.

ஏழு முனை பிளக்கில் எது எதற்கு என்பதற்கு ஐஎஸ்ஓ 1724 என்ற பன்னாட்டுத் தரம் ஒன்று இருக்கிறது. அதன்படி 1 இடது இண்டிகேட்டர், 3 எர்த், 4 வலது இண்டிகேட்டர், 5 வலது டெயில் லைட், 6 பிரேக், 7 இடது டெயில் லைட். மூடியைக் கழற்றினால் முனைகளுக்குப் பக்கத்தில் பொடி எண்களாக அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். நம் ஊரில் டிராக்டருக்கு ஒருவர் வயரிங் செய்வார், டிரெய்லருக்கு வேறொருவர் செய்வார், இருவரும் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்திருப்பார்கள். ஒருவர் டிராக்டரை இன்னொருவர் டிரெய்லரில் மாட்டினால் இடது இண்டிகேட்டர் போட்டதற்கு வலது எரிகிறது. இதற்கு எண்ணைப் பின்பற்றுவது ஒன்றே வழி. ஒரு ஊரில் இருக்கும் டிராக்டர்காரர்கள் நாலுபேர் சேர்ந்து இதை முடிவு செய்தாலே போதும், பருவத்தில் யார் டிரெய்லரையும் யார் டிராக்டரிலும் மாட்டலாம்.

பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து, முனை விரிந்து தளர்ந்திருந்தால் இடுக்கியால் லேசாக இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கோடையில் இதே டிரெய்லரில் நீங்கள் தொழு உரமும் யூரியாவும் அடிக்கிறீர்கள். சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். அதனால்தான் பருவம் இல்லாத மாதங்களில் கரும்பே ஏற்றாத வண்டியிலும் வயர் கெட்டுப்போகிறது. உரம் அடித்த அன்றே டிரெய்லரைக் கழுவிவிடுவது நல்லது. கழற்றிய பிளக்கைத் தரையில் போடாமல் டிராபாரில் கட்டி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுங்கள்.

இனி சில பழக்கங்களைப் பற்றி. இவற்றைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே வயிறு கலங்குகிறது.

ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவது முதலாவது. ஃபியூஸ் போனதென்றால் பெரும்பாலும் எங்கோ பாசிட்டிவ் வயர் சட்டத்தில் தொடுகிறது என்று அர்த்தம். தாளைச் சுற்றினால் ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும். மேலே பல டன் கரும்பு, அதோடு காய்ந்த சோகை, வேறு நாளில் வைக்கோல். மாற்று ஃபியூஸ் நாலைந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவதில் ஒரு சிரமமும் இல்லை.

இரண்டாவது, 24 வோல்ட் பல்பு. லாரிக்கும் டிராக்டருக்கும் சேர்த்து விற்கும் கடைகளில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடக்கும், உருவம் ஒன்றுபோலவே இருக்கும். 12 வோல்ட் டிராக்டரில் 24 வோல்ட் பல்பைப் போட்டால் எரியும், ஆனால் வர வேண்டிய வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். "எரியுதே" என்று ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பல்பின் உலோக உடம்பில் வோல்ட்டும் வாட்டும் பொறித்திருக்கும். பணம் கொடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, டிராக்டரோடு மாட்டியபடியே டிரெய்லருக்கு வெல்டிங் வைப்பது. வெல்டிங் எர்த் கிளிப்பைத் தூரத்தில் எங்கோ மாட்டிவிட்டால் அந்தப் பெரிய கரண்ட் உங்கள் மெல்லிய எர்த் வயர் வழியாகவும் ஓடும். வயர் உருகும், ஆல்டர்னேட்டர் டயோடும் போகலாம். பிளக்கைக் கழற்றி, பேட்டரி முனையையும் கழற்றி, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒட்டியே கிளிப்பை மாட்டச் சொல்லுங்கள்.

வயரிங்கைப் புதிதாகவே இழுப்பதாக இருந்தால் துண்டுதுண்டாக முறுக்கி டேப் சுற்றிய வயர்களை எல்லாம் கழித்துவிடுங்கள். பிளக்கிலிருந்து பின்னால் விளக்குவரை ஒரே நீளமான ஏழு கோர் கேபிள், கோர் ஒவ்வொன்றும் 1.5 சதுர மில்லிமீட்டர். மெல்லிய வயர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது பாதி வோல்ட்டேஜை வழியிலேயே குடித்துவிடாது போனாலும் பிரேக் விளக்குக்கு ஒரு வோல்ட்டையாவது குடித்துவிடும். கேபிளைச் சட்டத்தின் சேனலுக்கு உள்பக்கமாகக் குழாயில் நுழைத்துக் கிளாம்ப் போடுங்கள், வெளிப்பக்கமாகக் கட்டினால் கரும்புக் கட்டும் சங்கிலியும் உரசி அறுத்துவிடும். சட்டத்தில் ஓட்டை போட்டு நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடக் கூடாது. கொக்கி இருக்கும் இடத்தில், முழுத் திருப்பத்திலும் இழுபடாத அளவுக்கும் தரையில் உரசாத அளவுக்கும் தொங்கல் விட வேண்டும். மாட்டிவிட்டு இருபக்கமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பின்விளக்கு சட்டத்தை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் முதல் நாளே உடையும். அதை உள்ளே தள்ளி, கம்பி வளைத்து ஒரு காப்பு வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவர்கள் எல்இடி விளக்கே போட்டுவிடலாம். அதிர்வுக்கு இழை அறுவது அதில் இல்லை, கரண்டும் குறைவு. ஆனால் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் எரியாது. பழைய வெப்ப வகை ஃபிளாஷரோடு இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவதும் தடுமாறும், ஃபிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் கரும்புக்கு மட்டும் உண்டு. லோடு பின்பக்கம் நீட்டித் தொங்கி, நன்றாக எரியும் விளக்கையே மூடிவிடுகிறது. காவலர் நிறுத்திக் கேட்டால் "லைட் எரியுது சார்" என்று ஸ்விட்சைப் போட்டுக் காட்டுவோம், சோகைக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கும். இதற்குக் கழற்றி மாட்டும் விளக்குப் பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள் என்பதுதான் இந்த மடலில் நான் கேட்கும் முக்கியமான வேண்டுகோள். டிரெய்லர் அகலத்துக்கு ஒரு பலகை அல்லது தகடு. இரு ஓரத்திலும் டெயில், பிரேக், இண்டிகேட்டர் விளக்கு, அவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர், நடுவில் பதிவெண்ணும் அதற்கொரு சின்ன விளக்கும். சட்டத்தின் பின்னால் ஒரு சாக்கெட் வைத்து, அதிலிருந்து மூன்று மீட்டர் கேபிளில் பலகை. லோடு ஏற்றிய பிறகு பலகையைக் கரும்பின் கடைசி முனையில் கயிற்றால் இறுக்கிக் கட்டி பிளக்கை மாட்டினால் போதும். இறக்கும்போது கழற்றி டிராக்டரில் வைத்துக்கொள்ளலாம். இது மண்ணிலும் சகதியிலும் அடிபடுவதில்லை என்பதால் சட்டத்தில் நிலையாக இருக்கும் விளக்கைவிட அதிக நாள் உழைக்கும்.

ஒளிரும் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறோமே என்று சிலர் கேட்கலாம். ஒட்டுங்கள், அதுவும் அவசியம்தான். பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஆனால் அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னால் வருபவரின் ஹெட்லைட் பட்டால்தான் ஒளிரும். நீங்கள் பிரேக் போடுவதையோ திரும்புவதையோ அது சொல்லாது. மேலே சேறு படிந்தால் இருந்தும் இல்லாததுதான், துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆலைக்கு வெளியே சாலையோரம் வரிசையில் நிற்கும்போது விளக்கை அணைத்துவிடுவதற்குப் பேட்டரியைக் காரணம் சொல்கிறார்கள். டெயில் லைட் இரண்டு, எண் பலகை ஒன்று, முன் பார்க்கிங் இரண்டு, எல்லாம் 5 வாட் என்றால் மொத்தம் 25 வாட். சுமார் 2 ஆம்பியர். எட்டு மணி நேரம் நின்றாலும் 17 ஆம்பியர் மணிதான் செலவாகும். நல்ல நிலையிலுள்ள 75 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பெரிய சுமையில்லை, காலையில் தாராளமாக ஸ்டார்ட் ஆகும். ஆகவில்லை என்றால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். விளக்கை அணைப்பது அதற்கு மருந்தல்ல.

உரிமையாளர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. விளக்கு வேலைக்கான செலவை ஓட்டுநர் தலையில் கட்டாதீர்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் பல்பு வாங்க உங்களிடம் மூன்று முறை கேட்கத் தயங்குவார், நாலாவது முறை இருட்டிலேயே ஓட்டிவிடுவார். பெட்டியில் பல்பு, ஃபியூஸ், டேப், டெஸ்ட் லேம்ப், கொஞ்சம் வயர் எல்லாம் வாங்கிப் போட்டு வைப்பது உங்கள் பொறுப்பு. விளக்கில்லை, விடிந்த பிறகு எடுக்கிறேன் என்று ஓட்டுநர் சொன்னால் அந்த நடைக்கான கூலியைப் பிடிக்காதீர்கள்.

ஓட்டுநர்களுக்கும் ஒன்று. இருக்கையில் உட்கார்ந்தபடி நம் வண்டியின் பின்விளக்கை நம்மால் பார்க்க முடியாது. ஆனால் எடைமேடை வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் முன்னால் இன்னொருவர் டிரெய்லர்தான் நிற்கிறது. அது நகரும்போது இரண்டு பக்கமும் எரிகிறதா, பிரேக் மிதித்தால் பிரகாசம் கூடுகிறதா, ஒரு பக்கம் அணைகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் இறங்கிப் போய் அவரிடம் சொல்லுங்கள், கையில் டெஸ்ட் லேம்ப் இருந்தால் வரிசை நகர்வதற்குள் இருவருமாகச் சேர்ந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்